பெட்ரோல் காசில் போட்ட, கார் போகாத ரோடு

பின்னாலிருந்து ஒரு ஹாரன் சத்தம்கூட கேட்காமல் ஒரு நாள் முழுக்க மலைக்குள் சைக்கிள் ஓட்ட முடியுமா? முடியும். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தில், அகாடியா தேசியப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் 45 மைல், அதாவது சுமார் 72 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் பாவிய பாதைகள் ஓடுகின்றன. கார், வேன், மோட்டார் பைக் எதற்கும் அங்கே அனுமதி இல்லை. நடக்கலாம், குதிரையில் போகலாம், குதிரை வண்டியில் போகலாம், சைக்கிளில் போகலாம். ஏரியைச் சுற்றி, மலையின் இடுப்பைச் சுற்றி, கருங்கல் பாலங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கலாம்.

நல்ல விஷயம்தான், இதில் கட்டுரை எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இந்தப் பாதைகளைப் போட்டவர் பெயரைக் கேட்டால் நீங்களும் நிமிர்ந்து உட்காருவீர்கள். ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர். ஆமாம், ஸ்டாண்டர்ட் ஆயில் ராக்ஃபெல்லரின் ஒரே மகன். உலகத்துக்கே எண்ணெய் விற்ற குடும்பம், காரே போகக் கூடாத ரோடு போட்டிருக்கிறது!

பி.காம் படிக்கிறவர்களுக்கு ராக்ஃபெல்லர் என்றால் மோனோபொலி, டிரஸ்ட், வழக்கு இவ்வளவுதான் ஞாபகம் வரும். அந்தப் பாடத்துக்கு வெளியே கிடக்கிற கதை இது. ஆனால் படிக்கப் படிக்க மறுபடியும் நம் பாடத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் இடம்

அகாடியா பூங்காவின் பெரும்பகுதி மவுண்ட் டெசர்ட் என்ற தீவில் இருக்கிறது. தீவின் பரப்பு சுமார் 108 சதுர மைல். வபனாக்கி என்று அழைக்கப்படும் பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களாக வாழ்ந்த இடம். அவர்கள் வைத்த பெயர் பெமெட்டிக். 1604ல் கப்பலில் வந்த சாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர், மலைகளின் உச்சி மரமே இல்லாமல் மொட்டைப் பாறையாக இருப்பதைப் பார்த்து, வெறுமையான மலைகளின் தீவு என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். ஆள் இருந்த இடத்துக்கு வெறுமை என்று பெயர். அதுவே நிலைத்துவிட்டது.

தீவின் உயரமான மலை கேடிலாக். உயரம் 1,530 அடி. கேட்டால் இதெல்லாம் ஒரு மலையா என்று தோன்றும். ஆனால் கடல் மட்டத்திலிருந்து நேராக எழும்பி நிற்கிற கருங்கல் மலை. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரத்தில் இதுதான் உயரம்.

19ம் நூற்றாண்டின் நடுவில் ஓவியர்கள் இந்தத் தீவைத் தேடி வந்தார்கள். தாமஸ் கோல், ஃப்ரெடரிக் சர்ச் போன்றவர்கள் வரைந்த படங்களைப் பார்த்துவிட்டு நகரத்துக்காரர்கள் கோடை விடுமுறைக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் மீனவர் வீட்டிலும் விவசாயி வீட்டிலும் தங்கினார்கள். அப்புறம் ஹோட்டல் வந்தது. அப்புறம் பெரும் பணக்காரர்கள் வந்து வீடு கட்டினார்கள். அவற்றுக்குப் பெயர் 'காட்டேஜ்'. காட்டேஜ் என்றவுடன் ஓலைக் குடிசையை நினைத்துவிடாதீர்கள், ஒவ்வொன்றும் அரண்மனை மாதிரி.

இப்படியாக தீவில் இரண்டு வகை மனிதர்கள் ஆகிவிட்டார்கள். வருஷம் முழுக்க அங்கேயே இருந்து பிழைக்கிறவர்கள் ஒரு பக்கம். கோடையில் மட்டும் வந்து போகிறவர்கள் இன்னொரு பக்கம். இந்தக் கதையில் நடக்கிற எல்லாவற்றுக்கும் இந்தப் பிளவுதான் அடிப்படை.

கார் வேண்டும், கார் வேண்டாம்

20ம் நூற்றாண்டு பிறந்தது, கார் வந்தது. அன்றைய கார் சத்தமும் புகையும் புழுதியுமாக வரும். குதிரைகள் மிரளும். கோடை வாசிகளுக்கு இது பிடிக்கவில்லை. அமைதிக்காகத்தானே இவ்வளவு தூரம் வருகிறோம், இங்கேயும் இந்தச் சனியனா என்றார்கள். மாநிலச் சட்டசபை வரை போய், தீவுக்குள் கார் வரக் கூடாது என்று தடை வாங்கினார்கள்.

உள்ளூர்க்காரர்களோ வேறு மாதிரி யோசித்தார்கள். கடை வைத்திருப்பவருக்குச் சரக்கு சீக்கிரம் வர வேண்டும். டாக்டர் ராத்திரியில் நோயாளி வீட்டுக்கு வேகமாகப் போக வேண்டும். மூன்று மாதம் வந்து போகிற விருந்தாளியின் அமைதிக்காக, பன்னிரண்டு மாதமும் இருக்கிற நான் ஏன் குதிரை வண்டியிலேயே போக வேண்டும்? நியாயமான கேள்விதானே.

தடை நீடிக்கவில்லை. 1913ல் பார் ஹார்பர் ஊருக்குள் கார் நுழைந்தது (அப்போது அந்த ஊரின் பெயர் ஈடன்). 1915க்குள் தீவு முழுவதும் காருக்குத் திறந்துவிட்டது. ஃபோர்டு 1908லேயே மாடல் டி காரைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தார். கார் பணக்காரர்களின் விளையாட்டுப் பொருளாக இருந்த காலம் முடிந்து, சாதாரண ஆட்களும் வாங்கக் கூடியதாக மாறிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளத்தை ஒரு தீவின் சட்டம் எத்தனை நாள் தடுத்திருக்கும்?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காரைத் தடுக்க முதலில் செய்த முயற்சி சட்டம். அது பத்து வருஷம் போல ஓடி, தோற்றுப் போனது. அதற்குப் பின்னால் வந்த முயற்சிதான் நூறு வருஷத்தைத் தாண்டி இன்றும் நிற்கிறது.

நிலம் சேர்த்த கதை

ராக்ஃபெல்லருக்கு முன்னால் இரண்டு பேரைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராக இருந்த சார்லஸ் எலியட். அவருடைய மகன் பெயரும் சார்லஸ்தான். நிலவடிவமைப்புக் கலைஞர். அழகான இடங்களைத் தனியார் வாங்கி வேலி போடுவதற்கு முன்னால், பொதுமக்களுக்காக ஓர் அறக்கட்டளை வாங்கி வைக்க வேண்டும் என்ற யோசனை அந்த மகனுடையது. 1897ல் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். மகன் விட்டுப் போன யோசனையைத் தகப்பனார் கையில் எடுத்தார். 1901ல் இந்தத் தீவுக்காக ஓர் அறக்கட்டளை உண்டானது.

இன்னொருவர் ஜார்ஜ் டோர். கல்யாணம் செய்துகொள்ளாதவர், பரம்பரைச் சொத்து உள்ளவர். மலை மலையாக, குளம் குளமாக நிலம் சேர்ப்பதே அவருக்கு வாழ்க்கையாகிவிட்டது. 1913ல் அறக்கட்டளையின் உரிமத்தையே ரத்து செய்ய மாநிலச் சட்டசபையில் முயற்சி நடந்தது. வரி கட்டாமல் இவ்வளவு நிலத்தை இவர்கள் வைத்திருப்பதா என்று உள்ளூரில் சிலருக்குக் கோபம். டோர் விழித்துக்கொண்டார். அறக்கட்டளை கையில் இருந்தால் ஆபத்து, மத்திய அரசு கையில் கொடுத்துவிட்டால் பத்திரம் என்று வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார். 1916ல் தேசிய நினைவிடம், 1919ல் லஃபாயெட் தேசியப் பூங்கா, 1929ல் அகாடியா என்று பெயர் மாற்றம். மிசிசிப்பி நதிக்குக் கிழக்கே அமைந்த முதல் தேசியப் பூங்கா இதுதான். அரசாங்கம் காசு கொடுத்து வாங்கிய நிலத்தில் அல்ல, தனியார் கொடுத்த நிலத்தில் உருவான பூங்கா. டோர் தன் சொத்தின் பெரும்பகுதியை இதற்கே செலவழித்து 1944ல் இறந்தார்.

எண்ணெய் வீட்டுப் பிள்ளை

ராக்ஃபெல்லர் ஜூனியர் 1910ல் இந்தத் தீவின் சீல் ஹார்பரில் வீடு வாங்கினார். அதே வருஷம் ஸ்டாண்டர்ட் ஆயில் டைரக்டர் பதவியை ராஜினாமா செய்தார். அடுத்த வருஷம், 1911ல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்ட் ஆயிலை உடைக்கச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. 34 கம்பெனிகளாக உடைந்தது. இது நமக்குத் தெரிந்த பாடம். பாடத்தில் பல பேர் கவனிக்காதது, உடைந்த பிறகு அந்தப் பங்குகளின் மதிப்பு ஏறியது என்பதுதான். காரணம், அது காரின் காலம். அதுவரை விளக்குக்கு மண்ணெண்ணெய் விற்றுச் சம்பாதித்த தொழிலில், அந்த வருஷங்களில் பெட்ரோல் முன்னுக்கு வந்துகொண்டிருந்தது. ரோட்டில் கார் கூடக் கூட ராக்ஃபெல்லர் குடும்பத்தின் பெட்டி நிரம்பியது.

அந்தப் பெட்டியிலிருந்துதான் 1913 வாக்கில் கார் போகாத ரோட்டுக்குக் காசு வர ஆரம்பித்தது.

இந்தப் பணத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு சம்பவத்தை விட்டுவிட்டுப் போனால் நேர்மையாக இருக்காது. 1914 ஏப்ரல் 20. கொலராடோ மாநிலத்தில் லட்லோ என்ற இடம். ராக்ஃபெல்லர் குடும்பம் பெரும்பங்கு வைத்திருந்த நிலக்கரிக் கம்பெனியின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, கூடாரம் போட்டுக் குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள். மாநிலப் படையும் கம்பெனி ஆட்களும் சுட்டுக் கூடாரங்களைக் கொளுத்தினார்கள். ஒரு கூடாரத்துக்கு அடியில் குழி தோண்டிப் பதுங்கியிருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் செத்துப் போனார்கள். ஜூனியர் அந்தக் கம்பெனியின் டைரக்டர். தொழிற்சங்கத்தை அங்கீகரிக்க மாட்டோம் என்ற நிர்வாகத்தின் பக்கம் நின்றவர். நாடே அவரைத் திட்டியது.

ஒரு கையால் மலையில் அமைதியான பாதை. இன்னொரு கையில் லட்லோ. இரண்டும் ஒரே மனிதர், ஒரே காலம். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

ரோடு போடத் தெரிந்த கோடீஸ்வரர்

ஜூனியர் வெறுமனே செக் கிழித்துக் கொடுத்தவர் இல்லை. ரோடு போடும் வேலையை அவருடைய அப்பாவிடமே கற்றவர். பெரிய ராக்ஃபெல்லர் கிளீவ்லாந்திலும் நியூயார்க் பக்கத்திலும் இருந்த தன் எஸ்டேட்டுகளில் தானே வண்டிப்பாதைகளை வடிவமைத்துப் போட்டவர். மகன் தீவில் பாதை போகும் வழியைத் தானே நடந்து பார்த்து, எங்கே திரும்ப வேண்டும், எந்த இடத்தில் மரத்தை விலக்கினால் ஏரி தெரியும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்.

1913ல் ஆரம்பித்து 1940 வரை வேலை நடந்தது. 27 வருஷம்! மொத்தம் போட்டது 57 மைல். அதில் 45 மைல் இன்று பூங்காவுக்குள் இருக்கிறது.

பாதையின் அமைப்பைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சைக்கிள்காரர்களின் சுகத்துக்குக் காரணமே அதுதான். அகலம் சுமார் 16 அடி. இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே வந்தால் தாராளமாக ஒதுங்கலாம். தார் கிடையாது. மூன்று அடுக்காக உடைத்த கல், அடியில் பெரிசு, மேலே போகப் போகச் சின்னது. பாதையின் நடு முதுகு ஓரங்களைவிட 6 முதல் 8 அங்குலம் உயரம். மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் இரண்டு பக்கமும் வழிந்து ஓடும். ஓரத்தில் அகலமான வாய்க்கால், ஆங்காங்கே பாதைக்கு அடியில் கல் மதகு. அந்தப் பக்கம் மழை, பனி இரண்டுக்கும் குறைவில்லை. தண்ணீரை வெளியேற்றாத பாதை ஒரே குளிர்காலத்தில் குழம்பாகிவிடும்.

மலையை வெட்டி நேராகப் போகாமல் மலையின் வளைவை ஒட்டியே பாதை போகும். ஏற்றம் மெதுவாக இருக்கும். குதிரை மூச்சு வாங்கக் கூடாது என்பதற்காகச் செய்தது. நூறு வருஷம் கழித்து சைக்கிள் மிதிக்கிறவனின் முழங்கால் அதற்கு நன்றி சொல்கிறது :-)

பள்ளமான ஓரங்களில் வண்டி சரிந்துவிடாமல் இருக்கப் பெரிய பெரிய கருங்கற்களை வரிசையாக நட்டு வைத்தார்கள். ஒழுங்காகச் செதுக்காத கற்கள். உள்ளூர்க்காரர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'ராக்ஃபெல்லரின் பற்கள்'.

பாலங்கள் தனிக் கதை. முதல் பாலம் 1917ல் கட்டியது. உருண்டைக் கற்களை அப்படியே அடுக்கிய முகப்பு. அதற்குப் பிறகு வந்தவை தீவிலேயே வெட்டிய கருங்கல்லில் கட்டியவை. ஒரு பாலம் மாதிரி இன்னொரு பாலம் இருக்காது. ஒன்று அருவிக்கு எதிரே நின்று பார்க்கிற மாதிரி இருக்கும். ஒன்று வளைந்து போகும். 1929ல் கட்டிய டக் புரூக் பாலத்துக்கு மூன்று வளைவுகள். வெல்ஸ் பாஸ்வொர்த், சார்லஸ் ஸ்டவுட்டன் என்ற கட்டிடக்கலைஞர்கள் வரைந்து கொடுத்தார்கள். ஓரங்களில் என்ன செடி வைப்பது என்று யோசனை சொன்னவர் பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் நிலவடிவமைப்புத் தொழிலில் பெயர் எடுத்த பெண்மணி. வெளியூர்ப் பூச்செடி வேண்டாம், இந்த மண்ணில் முளைக்கிறதையே வைத்து ரோடு போட்ட காயத்தை ஆற்றுங்கள் என்பதுதான் அவருடைய வழி.

கல் உடைத்ததும் சுமந்ததும் அடுக்கியதும் உள்ளூர் ஆட்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையே இல்லாத காலத்தில் இந்த ரோட்டு வேலை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பாலங்களின் படத்தைப் பார்க்கும்போது கட்டிடக்கலைஞர் பெயரோடு சேர்த்து, பெயர் தெரியாத அந்தக் கல்தச்சர்களையும் நினைத்துக்கொள்ளலாம்.

ரோடே வேண்டாம் என்றவர்கள்

இவ்வளவு நல்ல பாதையை யாராவது எதிர்ப்பார்களா? எதிர்த்தார்கள். பென்சில்வேனியா செனட்டர் ஜார்ஜ் வார்ட்டன் பெப்பர் இந்தத் தீவின் கோடை வாசிகளில் ஒருவர். அவரும் அவரைப் போன்ற சிலரும் சொன்னது இது: காடு என்றால் காடாக இருக்க வேண்டும். ஒற்றையடிப் பாதை போதும். 16 அடி அகலத்தில் ரோடு போட்டால், அதில் குதிரை போனால் என்ன, கார் போனால் என்ன, காடு போனது போனதுதான்.

விஷயம் வாஷிங்டன் வரை போனது. 1924ல் உள்துறைச் செயலாளர் ஹ்யூபர்ட் வொர்க் வேலையை நிறுத்தி வைத்து விசாரணை நடத்தினார். உள்ளூர்க்காரர்களில் நிறையப் பேர் ரோட்டுக்கு ஆதரவாக நின்றார்கள். அந்த வருஷமே மறுபடியும் அனுமதி கிடைத்தது.

பெப்பர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. இன்று நாம் இயற்கையான பாதை என்று ரசிப்பது, ஒரு காலத்தில் காட்டை வெட்டிப் போட்ட ரோடு. நூறு வருஷத்துப் பாசி படிந்ததால் நமக்கு அது இயற்கை மாதிரி தெரிகிறது. ஆனால் அந்த ரோடு இல்லாமல் போயிருந்தால் மலையின் உட்பகுதி திடகாத்திரமாக ஏறக் கூடியவர்களுக்கு மட்டுமே சொந்தமாக இருந்திருக்கும். வயதானவர், குழந்தை, வேகமாக நடக்க முடியாதவர் யாரும் போயிருக்க முடியாது. இரண்டு நியாயங்கள் மோதிக்கொள்கிற இடம் இது. எனக்கு ரோட்டின் பக்கம்தான் மனசு சாய்கிறது.

காருக்கும் ஒரு வழி விட்டார்

ராக்ஃபெல்லர் காரை வெறுத்தார் என்று முடித்துவிட்டால் கதை சுலபம். ஆனால் உண்மை அப்படி இல்லை. பூங்காவில் காருக்கான ரோடு போடவும் அவர்தான் காசு கொடுத்தார்! இன்றைக்குக் காரில் வருகிறவர்கள் சுற்றுகிற 27 மைல் சாலையின் பெரும்பகுதியின் பின்னால் அவர் இருக்கிறார். அந்தச் சாலையின் வழியைத் தீர்மானிக்க இளைய ஓம்ஸ்டெட் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளரை அமர்த்தினார்.

அவருடைய கணக்கு இதுதான். காரைத் தடுக்க முடியாது என்பது 1915லேயே தெரிந்துவிட்டது. சரி, காருக்கு ஒரு நல்ல ரோடு கொடுத்துவிடு. குதிரைக்கும் நடப்பவனுக்கும் வேறு ரோடு போடு. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் சிக்னல் வைக்காதே, பாலம் கட்டு. 1933ல் ஸ்டான்லி புரூக் பாலம், 1940ல் டிரயாட்-டே மலைப் பாலம் எல்லாம் இப்படி வந்தவைதான். மேலே வண்டிப்பாதை, கீழே கார் ரோடு. மேலே போகிறவன் கீழே போகிறவனுக்காக நிற்க வேண்டியதில்லை.

சட்டம் 'வராதே' என்றது, தோற்றது. பாலம் 'நீ அப்படிப் போ, நான் இப்படிப் போகிறேன்' என்றது, ஜெயித்தது. இந்தப் பாதைகள் தப்பிப் பிழைத்ததற்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

தேய்மானம்

இனிமேல் வருவது நம் சப்ஜெக்ட்.

1947 அக்டோபரில் தீவில் பெருந்தீ. 17,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. அதில் 10,000 ஏக்கருக்கு மேல் பூங்கா நிலம். பணக்காரர்களின் காட்டேஜ்கள் வரிசையாகச் சாம்பலாயின. எரிந்த மரங்களை அகற்ற ராக்ஃபெல்லர் தன் செலவில் ஆள் வைத்தார். பாதைகளின் பராமரிப்பையும் அவருடைய ஆட்களே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

1960ல் அவர் இறந்தார். அத்தோடு காசு கொடுக்கிற கையும் போனது. பூங்கா நிர்வாகத்திடம் அந்த அளவுக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. வாய்க்காலில் இலை அடைத்தது. மதகு தூர்ந்தது. தண்ணீர் பாதையின் மேலேயே ஓடி மேல் அடுக்குக் கல்லை அரித்துக்கொண்டு போனது. ஓரத்தில் செடி வளர்ந்து பாதை குறுகியது. பார்த்துப் பார்த்து ஏற்படுத்திய காட்சிகளை மரங்கள் மறைத்தன. 1979ல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இந்தப் பாதைகள் சேர்ந்தன. பதிவேட்டில் பெயர் ஏறினால் வாய்க்கால் தானாகச் சுத்தமாகிவிடுமா?

மூலதனச் செலவு வேறு, வருவாய்ச் செலவு வேறு என்று முதல் வருஷத்திலேயே படிக்கிறோம். பாலம் கட்டுவது மூலதனச் செலவு. வாய்க்காலில் இலை அள்ளுவது வருவாய்ச் செலவு. பாலம் கட்டினால் பெயர் நிற்கும், படம் எடுப்பார்கள். இலை அள்ளுகிறவனை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் இலை அள்ளாவிட்டால் பாலத்துக்குப் போகிற பாதையே இருக்காது. இவ்வளவு கணக்குப் பார்க்கிற குடும்பத்துச் சொத்தே, கொடுத்தவர் போனதும் தேய ஆரம்பித்தது என்றால் மற்றதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1986ல் 'அகாடியாவின் நண்பர்கள்' என்ற அமைப்பு உருவானது. 1992 முதல் 1995 வரை பாதைகளைப் புதுப்பிக்கும் பெரிய வேலை நடந்தது. அரசாங்கம் ஒரு பங்கு போட, அதற்கு ஈடாக இந்த அமைப்பு பொதுமக்களிடம் திரட்டிப் போட்டது. ஓரத்துச் செடிகளை வெட்டி, வாய்க்கால் தூர் எடுத்து, மேல் அடுக்குக் கல்லைப் புதிதாகப் பரப்பினார்கள்.

இதைவிட முக்கியமான காரியம் ஒன்றும் செய்தார்கள். பாதைப் பராமரிப்புக்கென்று தனியாக ஒரு நிலைநிதி ஏற்படுத்தினார்கள். நம் கோயில்களில் விளக்கெரிக்கக் 'கட்டளை' எழுதி வைப்பார்களே, அதே மாதிரி. அசலைத் தொடக் கூடாது, அதிலிருந்து வரும் வருமானத்தில் வருஷா வருஷம் வேலை நடக்க வேண்டும். பாதையின் வாழ்வு ஒரே ஒரு பணக்காரரின் ஆயுளோடு கட்டப்பட்டிருந்தது மாறி, ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த காசோடு கட்டப்பட்டது. முதல் பாலம் கட்டிய 1917ஐ விட இதைத்தான் நான் பெரிய திருப்பமாகப் பார்க்கிறேன்.

சைக்கிள் வந்த பின்

ராக்ஃபெல்லர் நினைத்தது குதிரையை. அனுபவிப்பது சைக்கிள். கனத்த டயர் போட்ட மலை சைக்கிள்கள் பெருகிய பிறகு குதிரைகளை விட சைக்கிள்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. ஈகிள் லேக் ஏரியைச் சுற்ற சுமார் 6 மைல். மலைகளைச் சுற்றிவரும் பெரிய வட்டம் சுமார் 11 மைல். முச்சந்திகளில் எண் எழுதிய கம்பம் நிற்கும். வரைபடத்தில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தவறாது. 1999லிருந்து கோடையில் இலவசப் பேருந்து ஓடுகிறது. சைக்கிளை ஏற்றிப் பாதையின் தொடக்கத்தில் இறக்கி விடுவதற்கும் ஏற்பாடு உண்டு. பனி உருகும் வசந்த காலத்தில் மட்டும் பாதை ஊறிப்போய் மெத்தென்று ஆகிவிடுவதால், காயும் வரை யாரையும் விடுவதில்லை.

பழைய சண்டை புது உருவத்தில் திரும்பி வந்தது. பேட்டரி சைக்கிளை இந்தப் பாதையில் விடலாமா? மோட்டார் இருந்தால் அது மோட்டார் வண்டிதானே என்றது ஒரு பக்கம். மூட்டுவலிக்காரரும் மலைக்குள் போகட்டுமே என்றது இன்னொரு பக்கம். 2019ல் அமெரிக்க உள்துறை, தேசியப் பூங்காக்களில் பேட்டரி சைக்கிளுக்கு வழி திறக்கச் சொல்லி உத்தரவு போட்டது. அதற்குப் பிறகு அகாடியாவில், மிதித்தால் மட்டும் மோட்டார் உதவி செய்கிற வகைக்கு அனுமதி கொடுத்தார்கள். மிதிக்காமலே ஓடுகிற வகைக்கு இல்லை. வேகம் யாராக இருந்தாலும் மணிக்கு 20 மைலைத் தாண்டக் கூடாது. 1924ல் பெப்பரும் மற்றவர்களும் போட்ட அதே வாக்குவாதம், வண்டி மட்டும்தான் வேறு.

பூங்காவுக்கு வெளியே குடும்பத்தின் கையில் இருந்த பகுதி என்னவாயிற்று? ராக்ஃபெல்லரின் மகன் டேவிட், 2015ல் தன் நூறாவது பிறந்தநாளை ஒட்டி, அங்கே 1,000 ஏக்கருக்கு மேல் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தார். அந்த நிலத்தில் ஓடும் வண்டிப்பாதைகளில் நடக்கலாம், குதிரையில் போகலாம். சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அப்பா போட்ட ஒரே பாதைதான், ஒரு பக்கம் சைக்கிள் உண்டு, மறுபக்கம் இல்லை. பாதை யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் பாருங்கள்.

கடைசியாக

வருஷத்துக்கு 40 லட்சம் பேர் போல அகாடியாவுக்கு வருகிறார்கள். பெரும்பாலானவர்கள் காரில்தான் வருகிறார்கள். கேடிலாக் மலை உச்சிக்குக் காரில் போக 2021லிருந்து கோடைக்காலங்களில் முன்பதிவு செய்ய வேண்டும், அவ்வளவு கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் இந்த 45 மைல் அமைதி.

இந்த அமைதி எப்படிக் கிடைத்தது என்று கணக்கு எழுதினால், வரவுப் பக்கத்தில் ஒரு பணக்காரரின் ரசனை, டோர் என்ற பிரம்மச்சாரியின் பிடிவாதம், மகனை இழந்த ஒரு தகப்பனின் முயற்சி, கல் உடைத்தவர்களின் உழைப்பு, அப்புறம் சின்னச் சின்னத் தொகையாகக் கொடுத்த ஆயிரக்கணக்கானவர்களின் பணம் இருக்கிறது. பற்றுப் பக்கத்தில் வபனாக்கி மக்களின் நிலமும் லட்லோவில் செத்தவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கணக்கு டேலி ஆகாது. ஆக வேண்டும் என்று நானும் அடித்துத் திருத்தப் போவதில்லை.

ஆனால் ஒரு பாடம் மட்டும் தெளிவாக இருக்கிறது. எந்த ஊரிலாவது 'இங்கே கார் வரக் கூடாது' என்று போர்டு வைத்தால், அதன் ஆயுள் அடுத்த சட்டம் வரும் வரைதான். காருக்கு வேறு வழி, நடக்கிறவனுக்கும் சைக்கிள்காரனுக்கும் தனி வழி, அந்த வழி பொதுச் சொத்து, இலை அள்ளுகிறவனுக்குச் சம்பளம் என்று நான்கையும் சேர்த்துச் செய்தால்தான் அது நூறு வருஷம் நிற்கும். நான்கில் கடைசியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1960க்குப் பிந்தைய முப்பது வருஷங்களே சாட்சி.